அக்காவின் சுருட்டை முடி

1

என் அக்காவுக்குச் சுருட்டை முடி கிடையாது. எங்கள் வீட்டில் யாருக்குமே கிடையாது. எண்ணெய் தடவி வாரினால் கோடு கிழித்த மாதிரி நேராக இறங்கும் முடி எங்களுடையது. பள்ளிக்கூட நாட்களில் சுருள் வேண்டுமென்று அக்கா பென்சிலில் முடியைச் சுற்றிக்கொண்டு தூங்குவாள். காலையில் பார்த்தால் பென்சில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும், முடி பழையபடி நேராக இருக்கும்.

அக்கா பெயர் அமுதா. சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் தன் கணவரோடு, எனக்கு மாமா, இருக்கிறாள். நான் மெல்போர்னில் புற்றுநோய் மருத்துவராக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளும் நானும் வீடியோவில் பேசுவோம். பூகம்பம் வந்தாலும் அந்தப் பேச்சு நிற்காது. சில வாரங்களுக்கு முன் அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோது, அவள் தலையில் போட்டிருந்த முந்தானை நழுவியது. காதோரம் குட்டிக் குட்டியாக வளையங்கள்.

அந்த வளையங்களை நான் எத்தனையோ தலைகளில் பார்த்திருக்கிறேன். கீமோ முடிந்து முடி திரும்ப முளைக்கும்போது சிலருக்கு அப்படித்தான் வரும். எங்கள் வார்டில் அந்தச் சுருளைத் தொட்டுப் பார்த்து நர்ஸ்கள் வாழ்த்துச் சொல்வார்கள். மொட்டை அடித்து வளர்ந்த முடி அப்படி வராது. வந்து நான் பார்த்ததில்லை.

"அக்கா, கேமராகிட்ட வா."

"எதுக்கு?"

"வான்னு சொல்றேன்ல."

அவள் வரவில்லை. முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். 

"என்ன மருந்து ஏத்தினாங்க?" என்று கேட்டேன்.

பின்னாலிருந்து மாமாவின் குரல் வந்தது. "தெரிஞ்சிடுச்சா?" என்றார். போன கரண்ட் வந்துவிட்டதா என்று கேட்கிற தொனி. 

2

மொட்டை போன வருஷம் அடித்தது. குடும்ப வாட்ஸாப் குழுவில் திருப்பதியிலிருந்து படம் வந்தது. மொட்டைத் தலையில் சந்தனம், கழுத்தில் துளசி மாலை, பக்கத்தில் லட்டுப் பையோடு மாமா. என் மகள் தாரிணிக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டு. அவளுக்கு நல்லபடியாக மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க வேண்டும் என்று முடி கொடுத்ததாக அக்கா எழுதியிருந்தாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கைகூப்பும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினேன். மறுநாள் வேலை செய்யும் இடத்தில் படத்தைக் காட்டிப் பெருமையடித்தேன். என் மகளுக்காக என் அக்கா தலைமுடியையே கொடுத்திருக்கிறாள், உங்கள் ஊரில் யாராவது செய்வார்களா என்கிற தோரணைதான். ஓர் ஆஸ்திரேலிய நர்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. மரியாதை கருதி விட்டிருப்பாள்.

தாரிணிக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. இங்கேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் புரியும், பேசச் சொன்னால் பாதியில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பெரியம்மாக்குக் கீமோவாம்மா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததோடு நிற்காமல் ஒரு வகுப்பும் எடுத்தேன். வேண்டுதல் என்றால் என்ன, நம் ஊரில் ஒருவருக்காக இன்னொருவர் எப்படியெல்லாம் நேர்ந்துகொள்வார்கள், மொட்டை என்றவுடன் நோய் என்று நினைப்பது வெள்ளைக்காரப் புத்தி, இப்படி வளர்ந்துகொண்டே போனது. அவள் பொறுமையாகக் கேட்டாள். "ஓகேம்மா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

நம் ஊரில் மொட்டைத் தலையைப் பார்த்து யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். திருப்பதியா, திருத்தணியா என்றுதான் கேட்போம். அக்காவுக்கு அது தெரியும். கேள்வியே வராத ஓர் இடத்தில் போய் ஒளிந்துகொண்டாள். உலகத்தில் வேறெந்த ஊர் டாக்டராக இருந்தாலும் அந்தப் படத்தைப் பார்த்ததும் ஃபோனை எடுத்திருப்பார்.

ஒன்றிரண்டு மாதத்தில் முடி வந்திருக்க வேண்டும். அரும்பு முடி அசிங்கமாக இருக்கிறது என்று முந்தானையைப் போட்டுக்கொண்டாள். பிறகு இன்னொரு வேண்டுதல், இன்னொரு மொட்டை என்றாள். அதையும் நம்பினேன். ஒரு ஞாயிறு புருவம் கரேலென்று கோடாகத் தெரிந்தது. "என்னக்கா, இந்த வயசுல ஐப்ரோ பென்சில்லாம் தூள் கிளப்புறே?" என்று கிண்டலடித்தேன். அவளும் சிரித்தாள். புருவமும் உதிர்ந்துதான் வரைந்திருக்கிறாள் என்பது புற்றுநோய் மருத்துவரான எனக்கு உறைக்கவில்லை.

3

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மருந்து இருந்தால் அதை ஏற்றத் தெரிந்த நர்ஸ் இருக்க மாட்டார், நர்ஸ் இருந்தால் மருந்தை வைக்கக் குளிர்பெட்டி இருக்காது. அப்படிப்பட்ட ஊர்கள் உலகத்தில் ஏராளம். ஜாம்பியாவில், நேபாளத்தில், பப்புவா நியூ கினியில் சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளில் கீமோ அறை தொடங்க உதவுவதுதான் வருஷக்கணக்காக நான் செய்துவருவது. தாம்பரம் பக்கத்திலும் அப்படி ஒன்றைத் தொடங்கினோம். இரும்புலியூர்க்காரியும் என்னோடு மருத்துவம் படித்தவளுமான ரெஜினாதான் அதை நடத்துகிறாள். காரணை, பெருங்களத்தூர் பக்கமிருந்து வீட்டு வேலை செய்யும் பெண்கள், கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாம் அங்கே வருகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில், இந்தியாவில் அப்போது மதியம், எல்லா நாட்டு ஆஸ்பத்திரிகளும் வீடியோவில் ஒன்றுகூடும். அவரவர் சிக்கலான கேஸைச் சொல்வார்கள். பெயர் சொல்லக் கூடாது, வயதும் நோயின் நிலையும் மட்டும்தான். நேரம் குறைவு, கேஸ் அதிகம். நான் மளமளவென்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போவேன். 

இன்னொரு விதியும் உண்டு. அதை எழுதியவள் நான்தான். நோயாளி சம்மதிக்காமல் அவருடைய வீட்டாரிடம் வாய் திறக்கக் கூடாது. நம் ஊரில் நடப்பது தெரியும்தானே? நோயாளி உள்ளே உட்கார்ந்திருப்பாள். டாக்டர் புருஷனையோ தம்பியையோ வராந்தாவுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்வார். "அவங்களுக்குத் தெரிய வேணாம் டாக்டர்" என்று அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். யாருடைய உடம்போ அவளுக்கு மட்டும் விஷயம் தெரியாது. இதை ஒழிக்க வேண்டும் என்று நான் ஏறாத மேடையில்லை. ரெஜினா அந்த விதியைத் தமிழில் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினாள். மாட்டிய அன்று எனக்குப் படமும் அனுப்பினாள்.

4

அக்காவிடம் பேசி முடித்ததும் ரெஜினாவைத்தான் கூப்பிட்டேன். வேறெங்கே போயிருப்பாள்? 

"உன்கிட்டதானே வந்தா?"

ரெஜினா சமாளிக்கவில்லை. "ஆமாம்."

நான் ஆங்கிலத்தில் கத்த ஆரம்பித்தேன். கோபம் வந்தால் இப்போதெல்லாம் ஆங்கிலம்தான் வருகிறது. வந்தாலும் அது கோபம் மாதிரி இருப்பதில்லை, பேங்குக்குப் புகார்க் கடிதம் எழுதுகிற மாதிரி இருக்கிறது. 

"தமிழ்ல திட்டுடி, அப்பதான் எனக்கு ஒறைக்கும்," என்றாள் ரெஜினா.

தமிழில் திட்டப் பார்த்தேன். ஹாஸ்டலில் பழகிய நாலு வசவுதான் நினைவுக்கு வந்தது. அவற்றையும் இந்த வயதில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது.

"ஒரு வருஷம், ரெஜி. வாரா வாரம் என் முகத்தைப் பார்த்துப் பேசினே. ஒரு வார்த்தை சொல்லல."

"பேஷன்ட் வேணாம்னாங்க."

"அவ பேஷன்ட் இல்லடி. என் அக்கா."

"என் ஓபில வந்து உக்காந்தா பேஷன்ட்தான். சொவத்துல மாட்டிருக்கே, அந்த ரூல் யாரு எழுதினது? நான் எழுதல." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ரெண்டு தடவை கெஞ்சினேன்டி. சொல்லிடுங்கக்கா, எனக்குத் தாங்கலன்னு. சொன்னா வேற ஆஸ்பத்திரிக்குப் போயிடுவேன்னாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

ஃபோனை வைத்துவிட்டேன். அவள் செய்தது சரி. என் கீழே பயிற்சி பெற்ற எவர் இதைச் செய்திருந்தாலும் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். முப்பது வருஷச் சிநேகிதி செய்தபோது கைதட்ட மனம் வரவில்லை. நான் எழுதிய விதியைக் கொண்டே என்னைக் கட்டிப்போட்டார்கள், அவ்வளவுதான். 

5

ஊருக்குக் கிளம்ப விடுப்பு வேண்டும். இங்கே உறவினர் நோய்க்கென்று தனி விடுப்பு உண்டு. அலுவலகத்தில் அதைக் கவனிக்கும் பெண் நல்லவள். 

"உங்கள் சகோதரி இப்போது தீவிர நோயில் இருக்கிறாரா?" என்று கேட்டாள்.

"இல்லை. குணமாகிவிட்டார்."

"எவ்வளவு நல்ல செய்தி!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அப்படியானால் இந்த விடுப்பு பொருந்தாது. உங்கள் சொந்த விடுமுறையிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்."

எல்லாரும் இதையே சொன்னார்கள். நல்ல செய்தி, நல்ல செய்தி. வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். உனக்குக் கோபப்பட என்ன இருக்கிறது என்று யாரும் நேராகக் கேட்கவில்லை, எல்லார் முகத்திலும் அது இருந்தது. அக்கா செத்துப்போயிருந்தால் என் கோபத்துக்கு ஓர் இடம் இருந்திருக்கும். பிழைத்துவிட்டாளே.

விமான நிலையத்துக்குத் தாரிணிதான் காரில் கொண்டுவந்து விட்டாள். சிக்னலில் நிற்கும்போது ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மா, எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பெரியம்மா விஷயம். அந்த ஃபோட்டோ வந்தப்ப நீங்க சிரிச்சீங்கல்ல? அப்புறம் நான் பெரியம்மாவுக்கே கால் பண்ணிக் கேட்டேன். ஆமான்னாங்க. அம்மாகிட்ட சொல்லாதன்னு பிராமிஸ் வாங்கிட்டாங்க."

அந்த வருஷம் முழுக்க அவள் கதவைச் சாத்திக்கொண்டு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு எந்நேரமும் என்ன ஃபோன் என்று நான் சத்தம் போட்டிருக்கிறேன். யாரோ ஒரு பையன் என்று நினைத்துத் தூக்கம்கூட இழந்தேன். தன் அரைகுறைத் தமிழில் பெரியம்மாவுக்குக் குமட்டல் நின்றதா என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறாள். தமிழை விட்டு, எங்களை விட்டு விலகிப்போகிறாளே என்று கவலைப்பட்ட பிள்ளை, என்னைத் தாண்டிப் போய் என் வீட்டாரோடு சேர்ந்துகொண்டாள்.

நான் காரை விட்டு இறங்கும்போது அவள் அழுதாள். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனேன்.

6

தாம்பரத்தில் ஆட்டோக்காரரிடம், "தயவுசெய்து சேலையூர் போங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா மேடம், வெளியூரா? தயவெல்லாம் இன்னாத்துக்கு, ஏறுங்க. கேம்ப் ரோடு ஃபுல்லா ஜாம் ஆகி கீது, சுத்திக்கினுதான் போணும்" என்றார். பிறந்து வளர்ந்த ஊரில் வெளியூர்க்காரியாக உட்கார்ந்து போனேன்.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். "வாம்மா, வா. அதான் நல்லாயிட்டாளே, வுடு. வந்ததும் ஆரம்பிக்காதே" என்றார். நேராகப் படுக்கையறைக்குப் போனேன்.

கதவுக்குப் பின்னால் சுவரில் பென்சில் கோடுகள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, இடுப்பு உயரத்தில் தொடங்கித் தலைக்கு மேல் வரைக்கும் போயிருந்தன. மார்பில் அறுவை முடிந்தவர்கள் விரல்களைச் சுவரில் நடத்திக் கையைத் தூக்கிப் பழக வேண்டும். எதுவரை தூக்க முடிந்ததோ அங்கே கோடு போட வேண்டும். உடற்பயிற்சி சொல்லித்தர ஆள் இல்லாத ஊர்களில் ஒரு சுவரும் பென்சிலும் போதும் என்று நான்தான் போகிற நாட்டிலெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். என் அக்கா வீட்டுச் சுவரில் என் பாடம் இருந்தது. வீடியோவில் அவள் ஏன் எப்போதும் ஹாலில் காலண்டர் பக்கம் உட்கார்ந்தாள் என்பது இப்போது புரிந்தது.

அக்கா காபியோடு வந்தாள். தலையை மூடவில்லை. சுருள்கள் நெற்றி வரைக்கும் இறங்கியிருந்தன. அழகாகத்தான் இருந்தாள். அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"பென்சில் சுத்திக்கினு படுத்தப்போ வராதது, இப்போ வந்துடுச்சு பாரு," என்றாள்.

"சிரிக்காதே."

"சரி. திட்டு."

"மொட்டைய ஏன் தாரிணி பேர்ல போட்டே? நான் ஊரெல்லாம் சொல்லிகிட்டுத் திரிஞ்சேனே."

"எப்படியும் கொட்டப்போற முடி. மருந்து ஏத்தறதுக்கு முன்னாடியே சாமிக்குக் குடுத்துட்டேன். குடுக்கறப்போ அவ பேரைச் சொல்லித்தான் குடுத்தேன். அது பொய் இல்லடி."

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

காபியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். அது எப்போதோ ஆறிவிட்டது. "சொல்லிருந்தா நீ இன்னா பண்ணிருப்பே? ரெஜினாகிட்ட பேசுவே. மாமாகிட்ட பேசுவே. ஸ்கேன் அனுப்பு, பிளட் ரிப்போர்ட் அனுப்புன்னுவே. வாராவாரம் ஃபோன் பண்ணி மூஞ்சியப் பாக்காம நாக்கைக் காட்டுன்னுவே. எனக்கு இங்க டாக்டர் இருந்தாங்க. தங்கச்சிதான் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு. ஞாயித்துக்கெழம உங்கிட்ட பேசற நேரம் மட்டும்தான் எனக்குச் சீக்கு இல்லாத நேரம். அதையும் வுடணுமா?"

காரணம் நல்ல காரணம். கேட்டதும் என் கோபம் இறங்கிவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள். இறங்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்னென்ன பேசியிருக்கிறேன் என்று எனக்குத்தானே தெரியும்? பாத்திரம் கழுவும் மெஷின் ரிப்பேரானதைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் புலம்பினேன். அவள் அன்று வாயெல்லாம் புண்ணாகி மோர்கூட இறங்காமல் இருந்திருக்க வேண்டும். "த்சொ, த்சொ, பாவம்டி நீ" என்றாள். என்னை ஒரு வருஷம் முட்டாளாக உட்காரவைத்து அதில் அவள் இளைப்பாறியிருக்கிறாள். எனக்கும் ஒரு பங்கு இருந்ததே அக்கா, உன் பக்கத்தில் உட்கார்ந்து பயப்பட? அதை யாரைக் கேட்டு எடுத்துக்கொண்டாய்?

இதை வாய்விட்டே கேட்டேன். அழுதுகொண்டே கேட்டேன்.

அவள் காபியைக் கீழே வைத்தாள். பிறகு, "நீ கேக்கவே இல்லயே" என்றாள். "அந்தக் கொழந்த ஃபோட்டோவப் பாத்து நேரா கேட்டுச்சு. கேட்ட பிள்ளைகிட்ட பொய் சொல்ல வாய் வரல. நீ ஐப்ரோ நல்லாருக்குன்னே."

மாமா கதவோரம் வந்து நின்றார். "அதையும் சொல்லிடு அமுதா. அந்தச் செவ்வாக்கெழம."

"அது எதுக்கு இப்போ?"

"சொல்லு. அவளுக்குத் தெரியணும்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். "மொதல்ல எனக்கு இந்த மருந்தே வேணாம்னுட்டேன். வெட்டி எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பு போதும்னேன். ரெஜினா எவ்ளோ சொல்லியும் கேக்கல. உன் தங்கச்சி சொன்னா கேப்பியான்னா. அவகிட்ட சொல்லக் கூடாதுன்னேன். பேர் சொல்லாம கேக்கறேன், நீ வந்து உக்காருன்னு கூட்டினு போனா. கேமராவுக்குப் பின்னாடி சேர் போட்டு உக்கார வெச்சா. நீ ஸ்கிரீன்ல பெருசா தெரிஞ்சே. பச்சை சட்டை."

எனக்கு நினைவு வந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயதுப் பெண், இடது மார்பு, அக்குளில் நெறிகட்டி, நோயாளி கீமோவுக்கு மறுக்கிறார். மருந்து முதலில், அறுவை பிறகு, சந்தேகமே வேண்டாம் என்றேன். ரெஜினா சும்மா இருக்காமல், "உங்க அக்காவா இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள். நோயாளிகள் கேட்கிற கேள்வியை இவளும் கேட்கிறாளே என்று சிரித்தேன். என் அக்காவா இருந்தாலும் இதேதான் என்றேன்.

"அதைக் கேட்டுட்டுதான் ஒத்துக்கினேன்," என்றாள் அக்கா. "சரி, தங்கச்சியே சொல்லிட்டான்னு."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னியே, அதுவும் கேட்டுச்சு."

"என்ன சொன்னேன்?"

"நெக்ஸ்ட் கேஸ்னே."

அவள் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். அந்த வீட்டில் அது பழைய ஜோக்காகியிருந்தது. அவர்கள் ஒரு வருஷமாக அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். நான் சுவரிலிருந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

7

திரும்பி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பேச்சு தொடர்கிறது. இப்போது நானும் கேட்கிறேன், அவளும் சொல்கிறாள். இருந்தாலும் அவள் தலைவலி என்றால் தலைவலிதானா என்றும், ஒன்றுமில்லை என்றால் ஏன் ஒன்றுமில்லை என்றும் மனம் துருவுகிறது. முன்பு அவள் சொன்னதையெல்லாம் நம்புவேன். தாரிணி அறையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டால் கதவுக்கு வெளியே ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நகர்கிறேன்.

போன செவ்வாய்க்கிழமை ரெஜினா ஒரு கேஸ் சொன்னாள். வயது, நோயின் நிலை, அவ்வளவுதான். நானும் அவளும் இப்போது வேலை விஷயம் மட்டும்தான் பேசுகிறோம். முடித்ததும் கேட்டேன். 

"அறையில் வேறு யார் இருக்கிறார்கள், டாக்டர்?"

கொஞ்சம் தயங்கி, "நோயாளி இருக்காங்க" என்றாள்.

"அவங்க சம்மதிச்சா கேமராவத் திருப்புங்க."

திருப்பினாள். நைட்டி மேலே துண்டு போட்டுக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பீர்க்கன்கரணையில் வீட்டு வேலை செய்கிறவராம். ஸ்கிரீனில் அத்தனை நாட்டு முகங்களைப் பார்த்து வெலவெலத்துப் போயிருந்தார். வணக்கம் சொன்னேன். என் தமிழைக் கேட்டதும் கொஞ்சம் தைரியம் வந்துவிட்டது.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா? உங்க அக்காவா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

எல்லா நாடும் காத்துக்கொண்டிருந்தது. ரெஜினா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க அக்காவா இருந்தா," என்றேன், "என்கிட்ட சொல்லியே இருக்க மாட்டாங்கம்மா."

அந்த அம்மா கலகலவென்று சிரித்தார். ரெஜினா சிரிக்கவில்லை. நானும்தான்.